சாருலதாவின் கடைசிச் சட்டகங்கள்

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் முடிவைக் கதையாகச் சொன்னால் நாலைந்து வரிக்கு மேல் வராது. தன் ஒன்றுவிட்ட தம்பி அமல்மீது மனைவியின் மனம் சாய்ந்திருந்ததைப் பூபதி தெரிந்துகொள்கிறான். வீட்டைவிட்டு வெளியேறிக் குதிரை வண்டியில் எங்கெங்கோ அலைந்துவிட்டுத் திரும்பி வருகிறான். வாசலில் தயங்கி நிற்பவனைச் சாரு உள்ளே வரச் சொல்லிக் கையை நீட்டுகிறாள். அவனும் மெல்ல நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொட்டுக்கொள்வதற்குச் சற்று முன்பு படம் உறைந்துவிடுகிறது.

இருவரும் சேர்ந்தார்களா இல்லையா என்ற கேள்வியோடு பார்வையாளர்கள் எழுந்து போகிறார்கள். அறுபது ஆண்டுகளாக இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலரும் அதே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. கதாபாத்திரங்களின் எதிர்காலத்தைக் கணிப்பது சோதிடரின் வேலை. கேட்க வேண்டியது வேறொன்று: கைகள் உறைந்த பிறகும் படம் ஏன் தொடர்கிறது?

தொடரத்தான் செய்கிறது. உறைந்த கைகளுக்குப் பிறகு அசையாப் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பாதி வெளிச்சத்தில் சாருவின் முகம். அதேபோல் பாதி வெளிச்சத்தில் பூபதியின் முகம். விளக்கை ஏந்தி வரும் வேலைக்காரன் விரஜன். பிறகு கணவனும் மனைவியும் ஒரே சட்டகத்தில், கைகள் நீட்டியபடி. கடைசியில் அதே இருவர் தொலைவில், தாழ்வாரத்தின் மறுகோடியில் சிறுத்துப்போய். இசை உயர்கிறது. திரையில் ‘நஷ்டநீட்’ என்ற எழுத்துகள் தோன்றுகின்றன. தாகூர் 1901இல் வெளியிட்ட மூலக் குறுநாவலின் பெயர் அது. சிதைந்த கூடு என்று பொருள்.

ஒரு காட்சியை உறையவைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. புரொஜெக்டரில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஃப்ரீஸ் ஷாட்டின்போதும் அதே 24 ஓடிக்கொண்டுதான் இருக்கும், கருவி நிற்பதில்லை. ஒரே சட்டகத்தை ஆப்டிகல் பிரிண்டரில் வைத்துத் திரும்பத் திரும்ப அச்செடுத்து நீளமாக்குகிறார்கள். இது லேபில் நடக்கும் வேலை. நடிகர்களை அசையாமல் நிற்கச் சொன்னால் இந்த விளைவு கிடைக்காது. மூச்சோ இமையோ சேலைத் தலைப்போ காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஓடும் படத்தில் ஃபிலிமின் துகள்கள் சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறுவதால் கண் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. உறைந்த சட்டகத்தில் அதே துகள்கள் அதே இடத்தில் தங்கிவிடுவதால் படம் திடீரென்று சொரசொரப்பாகத் தெரியும். அதுவரை ஒரு வீட்டுக்குள் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர், தான் பார்ப்பது ஒரு புகைப்படம் என்பதை அப்போது உணர்கிறார். இயக்குநர் திட்டமிட்டாலும் திட்டமிடாவிட்டாலும் இந்த விலகல் நிகழும். அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வேறுபாடு.

ஜீகா வெர்த்தோவ் 1929இலேயே ‘மூவி கேமராவோடு ஒரு மனிதன்’ படத்தில் ஓடும் குதிரையை உறையவைத்தார். பிறகு எடிட்டிங் மேசையில் இருக்கும் ஃபிலிம் துண்டுகளைக் காட்டினார். அங்கே அது ஒரு செய்முறை விளக்கம். ஃப்ரீஸ் ஷாட்டை ஒரு முடிவாக உலகம் முழுவதும் பேசவைத்தவர் பிரான்ஸுவா த்ரூஃபோ. 1959இல் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத்தந்த ‘400 ப்ளோஸ்’ படத்தின் கடைசிச் சட்டகம் அது. சாருலதாவின் முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் இந்தப் படத்தையும் இழுத்துவருவார்கள். இழுக்கட்டும், ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது தெரியும்.

த்ரூஃபோவின் படத்தில் ஆந்துவான் என்ற சிறுவன் சீர்திருத்த மையத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அடியில் புகுந்து தப்பிக்கிறான். ஓடுகிறான். ஆன்ரி தெகேயின் கேமரா பக்கவாட்டில் அவனோடு சேர்ந்து, ஒரு நிமிடத்துக்கும் மேலாக, வெட்டே இல்லாமல் போகிறது. வயல்வெளிச் சாலை, மரங்கள், காலடிச் சத்தம். பார்ப்பவருக்கே மூச்சு வாங்கும். அதுவரை அவன் பார்த்தேயிராத கடல் வருகிறது. நீரில் கால் வைக்கிறான், சற்று நடக்கிறான், திரும்புகிறான், நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அங்கே படம் உறைகிறது. உறைந்தபடியே அவன் முகத்தை நோக்கி நெருங்கிப் பெரிதாகிறது. முகத்தில் துகள்கள் தெறிக்கின்றன. படம் முடிகிறது.

இந்தப் படம் ஆந்த்ரே பாசானுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. த்ரூஃபோவைத் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவர் என்றே பாசானைச் சொல்லலாம். 1958 நவம்பரில், படப்பிடிப்பு தொடங்கிய வேளையில், அவர் இறந்துபோனார். நிகழ்வின் காலத்தைத் துண்டாக்காமல் அதன் முழு நீளத்தில் காட்டுவதே சினிமாவின் நேர்மை என்று வாதாடிய விமர்சகர் அவர். அந்த நீண்ட ஓட்டம் பாசான் விரும்பியிருக்கக்கூடிய காட்சி. அதற்கு அடுத்த நிமிடமே காலத்தைப் பிடித்து நிறுத்திவிடுவது அவருக்கு எதிரானதுபோலத் தோன்றும். ஆனால் 1945இல் பாசான் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை புகைப்படத்தைப் பற்றியது. எகிப்தியர்கள் உடலைப் பதப்படுத்தியதுபோலப் புகைப்படம் ஒரு கணத்தைப் பதப்படுத்துகிறது, சினிமாவோ மாற்றத்தையே பதப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. ஆந்துவானின் முகத்தில் த்ரூஃபோ சினிமாவை மறுபடியும் புகைப்படமாக்குகிறார். அந்தச் சிறுவனுக்கு இனிப் போக இடமில்லை. முன்னால் கடல், பின்னால் காவலர்கள். அவனை வைக்க எஞ்சியிருக்கும் ஒரே இடம் புகைப்படம். போலீஸ் நிலையத்தில் ஏற்கெனவே ஒருமுறை அவனைக் குற்றவாளியாகப் படமெடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கடைசிப் படத்துக்கு இன்னொரு கசப்பும் சேர்கிறது.

த்ரூஃபோ நெருங்குகிறார். ராய் விலகுகிறார். ஆந்துவான் நம்மைப் பார்க்கிறான். பதில் சொல்லும் பொறுப்பை நம்மிடம் தள்ளுகிறான். சாருவும் பூபதியும் நம்மைப் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய வீட்டுக்குள் நாம் கூப்பிடாமல் வந்து நிற்பவர்கள். த்ரூஃபோ உறையவைத்தது ஒரு முகத்தை. ராய் உறையவைத்தது இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை. இந்தக் கடைசி வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் சாருலதா தொடக்கத்திலிருந்தே தூரத்தைப் பற்றிய படம். பெயர்கள் ஓடும்போதே திரையில் சாருவின் கைகள் கைக்குட்டை ஒன்றில் ‘பி’ என்ற எழுத்தைப் பூத்தையல் போடுகின்றன. பூபதியின் பெயரின் முதல் எழுத்து. பிறகு வருவது இந்திய சினிமாவில் மிக அதிகமாகப் பாடம் எடுக்கப்பட்ட தொடக்கக் காட்சி. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் இளம் பெண் ஒரு பகல் பொழுதைக் கழிக்கிறாள்; வசனம் அநேகமாக இல்லை. சன்னல் அடைப்புகளின் இடைவெளி வழியாகக் கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியால் தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான், பல்லக்கு போகிறது, குடை பிடித்த பருத்த மனிதர் ஒருவர் போகிறார். சாரு ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்கு ஓடி அவரைத் தொடர்கிறாள். அப்போது பூபதி வருகிறான். கையில் புத்தகம். தாழ்வாரத்தில் அவளை ஒட்டியே நடந்து போகிறான். அவள் அங்கே நிற்பது அவன் கண்ணில் படவில்லை. சாரு அதே தொலைநோக்கியை எடுத்து, சில அடி தூரத்தில் நடந்துபோகும் கணவனின் முதுகைப் பார்க்கிறாள். அவன் மறைந்ததும் கருவியைத் தாழ்த்துகிறாள். அந்தக் கணத்தில் ஜூம் சட்டென்று பின்வாங்கி அவளைத் தாழ்வாரத்தில் தனியாக விட்டுவிடுகிறது.

பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க லென்ஸ் தேவைப்படும் தாம்பத்தியம். இதைச் சொல்ல ஒரு நாடகாசிரியருக்கு ஒரு அங்கம் முழுவதும் தேவைப்பட்டிருக்கும். இந்தப் படத்திலிருந்துதான் ராய் கேமராவைத் தாமே இயக்கத் தொடங்கினார். ஒளியமைப்பு சுப்ரதா மித்ராவுடையது, அந்த வீட்டை உருவாக்கியவர் பன்சி சந்திரகுப்தா. அந்தப் பின்வாங்கும் ஜூமின் வேகத்தில் ராயின் கை தெரிகிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

படத்தின் கடைசி அசையாப் படங்களை இந்தத் தொடக்கத்தோடு வைத்துப் பாருங்கள். உறைந்த கைகள் ஏறக்குறைய தொட்டுவிடும் தூரத்தில் இருக்கின்றன. அடுத்த இரண்டு படங்களில் ராய் என்ன செய்கிறார்? ஒரே இடத்தில் நிற்கும் இருவரை இரண்டு தனித்தனிச் சட்டகங்களாகப் பிரித்துவிடுகிறார். சாரு தனி, பூபதி தனி. இருவர் முகத்திலும் பாதி இருள். அசையும் காட்சியில் நம் கண் தானாகவே ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும், இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். அசையாப் படத்தில் அந்த வசதி இல்லை. ஒரு படம் முடிந்து இன்னொரு படம் வருகிறது. நடுவில் இருப்பது வெட்டு மட்டும்தான். பிறகு இருவரையும் ஒரே சட்டகத்தில் சேர்க்கிறார், ஆனால் சேர்த்த கையோடு பின்னால் போய்விடுகிறார். தொடக்கத்தில் ஜூம் ஒரே வீச்சில் செய்ததை இங்கே படத்தொகுப்பு படிப்படியாகச் செய்கிறது. தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படி.

நடுவில் வரும் விரஜனைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. கணவன் மனைவியின் வாழ்வே முடிச்சுப்போட்டு நிற்கும் நேரத்தில் ஒரு வேலைக்காரனுக்கு எதற்குத் தனிச் சட்டகம்? எளிய காரணம் ஒன்று உண்டு. முகங்கள் ஏன் பாதி இருளில் இருந்தன என்பது அவனைப் பார்த்ததும் புரிகிறது: விளக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்துகொண்டிருந்த விளக்கும் அவர்களோடு சேர்ந்து உறைந்துவிட்டது. கைகள் சேராததுபோலவே வெளிச்சமும் சேரவில்லை. இன்னொரு காரணம் அந்த வீட்டின் இயல்பு. 1879இன் கல்கத்தா மேல்தட்டு வீட்டில் தனிமை என்பது முழுத் தனிமை அல்ல. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கும் துக்கத்துக்கும் வெளியே யாரோ விளக்கேற்றிக்கொண்டிருப்பார்கள், தேநீர் கொண்டுவருவார்கள். இவர்கள் தொட்டுக்கொண்டாலும் விலகினாலும் நாளைக்கும் விரஜன் விளக்கைக் கொண்டுவரத்தான் போகிறான். நடந்தது எதுவும் தெரியாத ஒருவனின் முகத்தை நடுவில் வைத்ததன் மூலம் ராய் அந்தக் கணத்தை மிகையுணர்ச்சியிலிருந்து காப்பாற்றிவிடுகிறார். வேறொரு இயக்குநர் அந்த இடத்தில் இன்னொரு குளோசப் கண்ணீரைத்தான் வைத்திருப்பார்.

உறைந்த படத்தில் ஒலி உறைவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இசையும் ராயுடையதே. கண்ணுக்குக் காலம் நின்றுவிட்டது, காதுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படம் நின்றும் மனம் ஓய மறுப்பது இந்த முரணால்தான்.

தாகூரின் முடிவு வேறு. பத்திரிகை நொடித்துப்போன பூபதிக்கு மைசூரில் ஒரு நாளேட்டை நடத்தும் வேலை கிடைக்கிறது. தன்னையும் அழைத்துப்போகும்படி சாரு கேட்கிறாள். அவன் தயங்குகிறான், முடியாது என்கிறான். அவள் முகம் வெளிறுவதைப் பார்த்துவிட்டு மனம் மாறி அழைக்கிறான். இப்போது அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். கதை அங்கே முடிகிறது. அதாவது நாவலில் கணவன் அழைக்கிறான், மனைவி மறுக்கிறாள். படத்தில் மனைவி அழைக்கிறாள், கணவன் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. மைசூர் இல்லை. அதற்குப் பதிலாகப் படத்தில் ஒரு கடற்கரைக் காட்சி உண்டு. பத்திரிகையை மறுபடி தொடங்கலாம், ஆங்கிலப் பகுதியை நீங்கள் பாருங்கள், வங்கப் பகுதியை நான் பார்க்கிறேன் என்கிற யோசனையைச் சாரு அங்கேதான் சொல்கிறாள். ஆகவே கடைசியில் நீளும் அவள் கை மன்னிப்பு கேட்கும் கை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதத் தெரிந்த கை அது. தன் எழுத்து அச்சில் வந்ததைப் பார்த்துவிட்ட ஒரு பெண்ணின் கை. பூபதி தயங்குவது துரோகத்தின் முன்னால் மட்டுமல்ல. தனக்குத் தெரியாமல் தன் வீட்டிலேயே வளர்ந்துவிட்ட ஒருத்தியின் முன்னாலும்தான்.

மூலத்தை இப்படி மாற்றியதற்காக வங்காளத்தில் ராய் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். விமர்சகர் அசோக் ருத்ராவின் தாக்குதலுக்கு ராய் வங்க மொழியில் மிக விரிவாகப் பதில் எழுதினார். பொதுவாக விமர்சனங்களுக்கு அவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறவர் அல்ல அவர். தாம் எடுத்தவற்றில் குறைகள் மிகக் குறைந்த படம் இதுதான், மறுபடி எடுத்தாலும் இப்படியேதான் எடுப்பேன் என்று பிற்காலத்திலும் சொல்லிவந்தார். 1965 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது.

அப்படியானால் குறையே இல்லையா? என் கணிப்பில் ஒன்று உண்டு. கடைசியில் தோன்றும் அந்த எழுத்துகள். நாவலைப் படித்து வளர்ந்த வங்க வாசகருக்கு அது மூல ஆசிரியருக்குச் செலுத்தும் மரியாதையாகப் பட்டிருக்கும். ஆனால் படங்கள் சொல்வதும் எழுத்து சொல்வதும் ஒத்துப்போகவில்லை. கூடு சிதைந்ததா என்பதைப் படங்கள் முடிவுசெய்யாமல் விடுகின்றன. எழுத்து சிதைந்தது என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. இத்தனை நுட்பமாக இடைவெளியைக் கட்டியெழுப்பியவர் கடைசி சில நொடிகளில் அதன்மேல் ஒரு முத்திரையைக் குத்தியிருக்க வேண்டியதில்லை. படத்தைத் தம் பார்வையாளர்கள் சரியாகப் படிப்பார்களா என்ற ஐயம் ராய்க்கு எழுந்தது அநேகமாக அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

நம் ஊர்ப் பார்வையாளருக்கு ஃப்ரீஸ் ஷாட் புதிதல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எத்தனை தமிழ்ப் படங்கள் குடும்பமே கூடிச் சிரிக்கும்போது உறைந்து, ‘சுபம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ இயக்குநரின் பெயரோடோ முடிந்திருக்கின்றன! அங்கே உறைதல் பிரச்சினை தீர்ந்ததற்கான ரசீது. கலியாண வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்து எடுக்கும் குரூப் ஃபோட்டோவின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. உத்தி ஒன்றுதான், பயன் தலைகீழ். எனவே ‘ஃப்ரீஸ் ஷாட் என்றால் இந்தப் பொருள்’ என்று அகராதி போடுவதில் பயனில்லை. உறைவதற்கு முன்னால் படம் எதைப் பழக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

இடைவெளியில் முடிவதற்கு உறைதல்கூடக் கட்டாயமில்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) மேசைமீது இருக்கும் இரண்டு டீ கிளாஸ்களில் முடிகிறது: ஒன்றில் பால் டீ, இன்னொன்றில் கடுங்காப்பி நிறத்தில் பால் கலக்காத டீ, நடுவில் ஒரு மல்லிகைப் பூ. பொருள்கள் தாமாகவே அசையாதவை. ஆப்டிகல் பிரிண்டரின் உதவி வேண்டியதில்லை. இரட்டைக் குவளையின் வரலாறு தெரிந்த பார்வையாளருக்கு அந்த இரண்டு கிளாஸ்களும் ஒரே மேசையில் இருப்பதும் உறைக்கும், அவற்றுக்கு நடுவே இருக்கும் இடமும் உறைக்கும். சாருவின் தாழ்வாரத்தையும் இந்த மேசையையும் இணைக்கும் நேரடிக் கோடு எதுவும் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. அந்தப் படத்தின் நாயகன் பரியனுக்கு, அவனுடன் படிக்கும் பெண்ணின் தந்தை முழுப் பதில் சொல்லவில்லை, சொன்னதாகப் படமும் நடிக்கவில்லை; அந்த நேர்மை இரண்டு முடிவுகளிலும் இருக்கிறது.

சாருலதாவைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்பேசியில் பார்க்காதீர்கள். கடைசி லாங் ஷாட்டில் அந்த இருவரும் ஏற்கெனவே மிகச் சிறியவர்கள். ஆறங்குலத் திரையில் கைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே காணாமல் போய்விடும். திரைப்படச் சங்கத் திரையிடல் கிடைத்தால் அங்கே போங்கள், கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பதில் பெரிய திரையில் பாருங்கள். கைகள் உறைந்ததும் படம் முடிந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள்.